ட்ரேசிங் பேப்பருக்கு அடியில்

பவானி,

எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதம் எழுதுவதால் உன் மேல் உள்ள கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே.

வேல்பாண்டிக்குக் கொடுக்க நீ செய்த ஆல்பம் அது. நீ எழுதியதை மறைக்க, மேலே ட்ரேசிங் பேப்பர் ஒட்டித் தரச் சொன்னாய். நானும் அடியில் ஸ்பாஞ்ச் டேப் வைத்துத் தூக்கலாக ஒட்டினேன். எழுத்து புகை மாதிரிதான் தெரிந்தது. இன்று அப்பா அதை என் பையில் பார்த்துவிட்டு, பேப்பரைப் பெருவிரலால் அழுத்தினார். 'என் வேலு' என்று பளிச்சென்று தெரிந்துவிட்டது.

"யாரு ஆத்தா இந்த வேலு? சொல்லுறியா, பள்ளிக்கூடப் பையைக் கொளுத்தவா?"

உன்னுடையது என்றேன். அப்பா உனக்கே போன் போட்டார். நீ சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா. அது அவ ஆல்பம்."

எப்படியடி வாய் வந்தது உனக்கு? பொதுத்தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு அப்பா என்னை மேகமலையில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விடப்போகிறார். இனிப் பள்ளிக்கூடம் கிடையாதாம்.

உன் கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. உன் அப்பா உன்னை அடிப்பார் என்றுதான் இன்று அதை அப்பாவிடம் எடுத்துக் காட்டவில்லை. விடிந்ததும் பால் வாங்கப் போகும்போது இந்தக் கடிதத்தை உன் ஜன்னலில் செருகுவேன். ஏழரைக்குள் வந்து உண்மையைச் சொல். வராவிட்டால் நோட்டை ஆல்பத்துக்குப் பக்கத்தில் விரித்து வைப்பேன். இரண்டிலும் ஒரே கையெழுத்து. அதை அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நேற்றுவரை உன் பக்கத்தில் உட்கார்ந்தவள்