நான் வாங்க மறுத்த வாடகை

உங்கள் அறைக் கதவைத் திறந்ததும் தைல மணம் வந்தது, அப்பா. வங்கிக் கடிதங்களைத் தேடித்தான் போனேன். தேடாமல் கட்டிலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன்.

என் கல்யாணத்தின்போது மிட்சமில் இருக்கும் இந்த வீட்டைச் சீதனமாக என் பெயருக்கு மாற்றினீர்கள். பிறகும் இதே அறையில்தான் இருந்தீர்கள். மகளுக்கு வீட்டைக் கொடுத்த தகப்பன் வேறெங்கே போவார்? "ஏழு வருசம் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டன் எண்டால் உனக்கு வரி இல்லைப் பிள்ளை" என்று சிரிப்பீர்கள். வீட்டைக் கொடுத்தவர் அதன்பின் ஏழு வருடம் உயிரோடு இருந்தால் அதற்கு மரணவரி இல்லை என்பது இந்த நாட்டுச் சட்டம். ஏழும் முடிந்த அன்று எல்லோருக்கும் மட்டன் ரோல்ஸ் வாங்கி வந்தீர்கள்.

நீங்கள் போனபின் உங்கள் சொத்துக் கணக்கைப் பார்க்கும் சொலிசிட்டர் போன கிழமை கேட்டார்: "அப்பா உங்களுக்கு வாடகை தந்தவரோ?" கொடுத்த வீட்டில் வாடகையில்லாமல் இருந்தால், சட்டத்துக்கு அது கொடுத்ததாகவே ஆகாதாம். நீங்கள் வாடகைக்கு விட்டிருந்த கடையோடு இந்த வீட்டையும் உங்கள் சொத்தாகவே கணக்கெடுப்பார்கள். வரி வரும்.

அப்போதுதான் விளங்கியது. கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே ஒரு என்வலப்பை நீட்டினீர்கள். "ஆரோ சொன்னவை. வாடகையெண்டு வாங்கி வை."

நான் கத்தினேன். "அப்பாட்ட வாடகை வாங்கிறவள் எண்டு சனம் கதைக்கட்டும் எண்டோ?"

அடுத்த மாதமும் நீட்டினீர்கள். அழுதேன். மூன்றாம் மாதம் நீங்கள் என்வலப்பை நீட்டவில்லை; குப்பைத்தொட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள்.

நேற்றுச் சித்தப்பா வந்தார். "வரிப் படிவத்தில வாடகை தந்தவர் எண்டு எழுது. கையில காசாத் தந்தவர். செத்த மனிசனைக் கூப்பிட்டே கேக்கப்போறாங்கள்?"

"கையெழுத்து நான்தானே வைக்கோணும், சித்தப்பா. பிடிபட்டால்?"

"நீயும் உன்ர அப்பா மாதிரித்தான். எல்லாத்துக்கும் பயம்."

பயம்தான். வரியைப் பத்து வருடத் தவணையில் கட்டலாமாம். அதற்கு நான் முழுநேர வேலைக்குத் திரும்பவேண்டும். உங்கள் பேத்தியை நாள் முழுக்க நர்சரியில் விடவேண்டும். அவளுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. இதையெல்லாம் யோசித்து யோசித்து, கடைசியில் 'வாடகை தரவில்லை' என்றே எழுதிக் கையெழுத்து வைத்தேன். பயத்தில் மட்டும் இல்லை, அப்பா. நீங்கள் இங்கே வாடகைக்கு இருந்தவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்த மாதம் திரும்பி வந்தாலும் நான் காசை வாங்கமாட்டேன். ஆனால் கத்துவதற்கு முன், ஏன் தருகிறீர்கள் என்று ஒருதரமாவது கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டது மட்டும்தான் இப்போதும் என்னோடு இருக்கிறது.