யோகனின் டியூட்டியில் மட்டும்

நவம்பர் 12, திங்கள்

விடியலிலிருந்து மழை. குடை நேற்றே பஸ்ஸோடு போய்விட்டது. கல்லடிப் பாலத்து இராணுவச் சென்றியில் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். அலுவலகம் வந்தபோது தலை முதல் கால் வரை ஈரம்.

ஆமி பிடித்துப்போன யோகன் இன்னும் முகாமில்தான். நான் என்ஜினியராக இருக்கும் டெலிபோன் ரிலே நிலையத்தின் டெக்னீசியன். ஊர் பனிச்சங்கேணி, புலிகளின் பகுதி, அதுவே பாதிக் குற்றம். மீதிப் பாதி: கொழும்பு லைன் குழம்பிய ஒவ்வொரு தடவையும் அவன் டியூட்டி. முகாமின் போன்களும் அதே லைனில். பிறகு லைனை ஓட்டும் எலக்ட்ரோனிக் கார்டை நிறுத்தி நிறுத்திப் போட்டு அவனேதான் சரியாக்குவான். தானே பழுதாக்கித் தானே திருத்துகிறான் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். எங்களில் ஒருவராகத்தான் இருக்கும்.

வாங்க: மெழுகுதிரி, சவர்க்காரம், தலையிடிக் குளிசை.

நவம்பர் 13, செவ்வாய்

மழை விட்டு விட்டு. வாவி றோட்டுக்கு ஏறிவிட்டது.

யோகனின் மனைவி மலர் வந்தாள். அவனைப் பார்க்க விடவில்லையாம். "நாளைக்கு வா எண்டு சொல்லுறாங்க மிஸ். நாளைக்குப் போனா மறுகா நாளைக்கு எண்டுறாங்க." வயல் வட்டைக்குள் வெள்ளம், வேளாண்மையும் போச்சு என்றாள். நான் கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை.

மற்ற டெக்னீசியன் றிஸ்வான், ஊர் ஓட்டமாவடி. அவன் டியூட்டியில் லைன் ஒருநாளும் குழம்பியதில்லை. ஏன்? மின்சாரம் போய் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"ஜெனரேட்டர உடனே நிப்பாட்ட மாட்டன் மிஸ். கொஞ்ச நேரம் ஓடட்டும். டீசல் ஆர்ர ஊட்டுச் சொத்து?"

"யோகன்?"

"அவரு கரண்ட் வந்த கையோட நிப்பாட்டிருவாரு. மேலிடத்துச் சொல்லெல்லோ."

டீசலைச் சேமியுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பியது கொழும்பு. இந்த நிலையத்தில் அதை மதித்து நடந்தவன் அவன் ஒருவன்தான்.

நவம்பர் 15, வியாழன்

நாள் முழுக்க மேசையில் உபரிக் கார்டுடன். பகல் சாப்பாடு பாணும் சம்பலும், அதுவும் பாதி.

பிடித்துவிட்டேன்! பேச்சு பிட்டுகளாக, ஒன்றும் சைபருமாக, ஒற்றை வரிசையில் ஓடிவரும். அதைப் பத்துப் பத்தாக வெட்டியெடுப்பது கார்டிலுள்ள ஒரு சிப்பின் வேலை. எங்கே வெட்டத் தொடங்குவது என்பதற்கு இடையில் ஓர் அடையாளம் வரும். ஜெனரேட்டரை அவசரமாக நிறுத்தினால் கார்டின் கடிகாரத் துடிப்பு ஒரு கணம் தள்ளாடுகிறது. அந்தத் தள்ளாட்டத்தில் சிப் எங்கோ ஒரு பிட் தள்ளி வெட்டத் தொடங்கிவிடுகிறது. சட்டையின் முதல் பொத்தானைத் தவறிப் போட்டால் கடைசி வரைக்கும் தவறுதான். கார்டின் விளக்கு மட்டும் பச்சையாக எரிகிறது. வருவதெல்லாம் குப்பை.

எப்போதும் இல்லை. பல தடவை ஒழுங்காக வெட்டுகிறது, ஒரு தடவை பிசகுகிறது. சனியன்.

நவம்பர் 17, சனி

வெயில்! உடுப்பெல்லாம் காய்ந்தது.

சிப் செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டிருந்தேன், பதில் வந்தது. தெரிந்த குறைதானாம். அரிதாகவே நிகழுமாம். திருத்தும் எண்ணம் இல்லை, சுற்றிப் போகும்படி யோசனை. சுற்றிப் போவது எங்களுக்குப் பழக்கம்தான், பாதி றோட்டு மூடிய ஊர்.

புரோகிராம் எழுதினேன். துடிப்பு நிதானமாகும்வரை சிப்பைப் பிடித்து வைக்கும். பிறகு விடும். அடையாளம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. உபரிக் கார்டில் பின்னேரம் வரை ஒரு பிசகும் இல்லை. ஓடுகிற கார்டிலும் ஏற்றிவிட்டேன். தனியாகச் சிரித்தேன். யோகன் வெளியே வந்துவிடுவான் என்றே நம்பினேன்.

நவம்பர் 19, திங்கள்

கொழும்பு மனேஜருடன் போன். கார்டில்தான் குறை என்று முகாமுக்கு நாலு வரி எழுதித் தரக் கேட்டேன். அந்தக் கார்டுகளைத் தெரிவு செய்தவர் அவர். "லைன் வேலை செய்கிறதுதானே, இனி ஏன் கிளறுகிறாய்?" கெட்டிக்காரி என்றும் சொன்னார். பாராட்டாம். போனை உடைக்க வேண்டும்போல் இருந்தது.

நவம்பர் 21, புதன்

நானே முகாமுக்குப் போனேன். உபரிக் கார்டையும் கொண்டுபோனேன். வாசலில் அதைக் கழற்றிப் பார்க்க நெடுநேரம்.

அதிகாரி மரியாதையான ஆள். தேத்தண்ணி தந்தார். படம் கீறி விளக்கினேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில். கவனமாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி: அவனைப் பிடித்த பிறகு லைன் குழம்பியதா?

இல்லை.

ஒரு தடவைகூட?

இல்லை, ஏனென்றால் நான் திருத்தி...

"அப்போ?" என்று சிரித்தார். சிப்பை விசாரிக்க முடியாது, மிஸ். அவனை வெள்ளிக்கிழமை கொழும்புக்கு அனுப்புகிறோம்.

அப்படி அனுப்பப்பட்டவர்களில் திரும்பி வந்த ஒருவரையும் எனக்குத் தெரியாது. வழியெல்லாம் என் கெட்டித்தனத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 22, வியாழன்

மறுபடி மழை. காலையிலேயே வாசலில் மலர், சோற்றுப் பார்சலோடு. "லைன் இப்ப ஒரு பழுதும் இல்லையாமே மிஸ். றிஸ்வான் சொன்னாரு. இனி இவர ஏன் வச்சிருக்கப் போறாங்க? உட்டிருவாங்கதானே?"

ஓம் என்றேன்.

உள்ளே வந்து ஓடுகிற கார்டிலிருந்து என் புரோகிராமை அழித்துவிட்டுப் பழையதை ஏற்றினேன். றிஸ்வானை வீட்டுக்கு அனுப்பினேன். இன்றைய டியூட்டி என் பெயரில். நாளை அனுப்புமுன், யோகன் முகாமுக்குள் இருக்கும்போதே லைன் குழம்ப வேண்டும். முகாம் போன்கள் குப்பையாக வேண்டும். அப்போது யாரைப் பிடிப்பார்கள் என்று தெரியும். தெரிந்துதான் செய்கிறேன்.

பகலுக்குப் பிறகு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் போட்டேன். மின்சாரம் வந்த கையோடு நிறுத்தினேன், யோகனைப் போலவே. கொழும்புக்கு எடுத்துப் பார்த்தேன். மறுமுனைப் பெண்ணின் குரல் மணியாகக் கேட்டது.

மெயின் சுவிட்சை நானே இறக்கினேன். ஜெனரேட்டர். ஏற்றினேன். நிறுத்தினேன். மணியாகக் கேட்கிறது.

இன்னொரு தடவை. மணியாகக் கேட்கிறது. "என்ன மிஸ், லைனில் ஏதும் பிரச்சினையா?" என்கிறாள் அவள்.

இன்னொரு தடவை.