அப்பாவின் இரைப்பை விஷயமாக

ஷிம்கென்ட்
ஏப்ரல் 11

என் கண்ணு ஆஸெமுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், உன் அத்தை ரௌஷான் தேவைக்கு மேலேயே நன்றாக இருக்கிறாள், உன் அப்பாவைப் பற்றி மட்டும் ஒரு வரியில் எழுத முடியாது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ பூசானில் காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறாய் என்றும், கடல் காற்றில் காதை மூடிக்கொள்கிறாய் என்றும் நம்புகிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்பாய். நான் போனை எடுத்தாலே அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு சத்தமா வை, சத்தமா வை என்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே எப்படிக் குறை சொல்வது? பக்கத்து வீட்டு மருமகள் திங்கட்கிழமை உன் ஊருக்கு விமானம் ஏறுகிறாள். இந்தக் கடிதத்தையும் ஒரு பை காய்ந்த தயிர் உருண்டையையும் அவளிடம் கொடுத்திருக்கிறேன், பையை எண்ணி வாங்கிக்கொள், அவளுக்கும் அது ரொம்பப் பிடிக்கும்.

அப்பா வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறார், உடம்பைக் குறைக்க. பதறாதே, முழுக்கப் படி. பனிக்காலத்தில் நம் வீட்டுத் தராசில் ஏறி நின்றார், முள் நூற்று முப்பது வரை போய், ஒரு சுற்று முடித்து, பதினாறில் வந்து நின்றது. பார்த்தியா சாபிரா, பதினாறுதான், நீதான் என்னை குண்டன்னு சொல்லிட்டுத் திரியறே என்றார். பிறகு சந்தையில் அவர் கடையிலேயே, குதிரைத் தொடை நிறுக்கிற தராசில் ஏற்றிப் பார்த்தோம், நூற்று நாற்பத்தாறு. சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் சர்க்கரை ஏறிக் கால்விரல் மரத்துப்போகிறது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. நான் பக்கத்தில் படுத்து எண்ணிக்கொண்டிருப்பேன், பத்தைத் தாண்டினால் முழங்கையால் ஒரு இடி இடிப்பேன், மறுபடி மூச்சு விடுவார். ஒரு தடவை பதினேழு வரை போய்விட்டது. அன்றைக்குத்தான் நான் டாக்டரிடம் பேர் பதிந்தேன், அவரைக் கேட்காமலே.

டாக்டர் பெயர் மதினா, உன்னைவிட நாலைந்து வயது பெரியவள் இருப்பாள், பேச்சு கறார். மூன்று வழி இருக்கிறது என்றாள். ஒன்று பலூன், வாய் வழியாக இறக்கி வயிற்றுக்குள்ளே ஊதிவிட்டு ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள். இரண்டாவது, இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் குழாய் மாதிரி தைத்து விடுவது. மூன்றாவது பைபாஸ், மேலே சின்னதாக ஒரு பை மட்டும் ஒதுக்கி அதைக் குடலோடு நேராக இணைப்பது. உங்களுக்கு எது சரி என்பதை நீங்கள் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும், ஒரு வாரம் வாயில் போகிற எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அப்பாவிடம் ஒரு நோட்டுக் கொடுத்தாள்.

உன் அப்பா முப்பது வருஷமாக இறைச்சி வெட்டுகிறவர், டாக்டர் வாயால் சொன்னதை நம்புவாரா? ஆட்டுக்கு நாலு வயிறு, அது கணக்குக்கு வராது, குதிரைக்குத்தான் மனுஷன் மாதிரி ஒன்று என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு குதிரை இரைப்பையையும் ஐந்து முழம் குடலையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சமையலறை மேஜையில் விரித்து, என் திரைச்சீலை நூல், துணிக் கிளிப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆபரேஷன் ஆரம்பமானது. பலூனுக்கு உன் அண்ணன் மகனின் ரப்பர் பந்தை உள்ளே திணித்தார், பந்து அவனுக்குத் திரும்பக் கிடைத்தது, ஆனால் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறான். பிறகு குழாய். ரௌஷான் அத்தை போன வருஷம் அல்மாத்தியில் அதைத்தான் செய்துகொண்டாளே, முப்பத்தெட்டு கிலோ இறங்கி, தலைமுடி பாதி கொட்டி, இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் தன் வயிற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறாள், அவள் மேற்பார்வை. அப்பா வெட்டித் தைத்து, கெட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றினார், பத்து கிண்ணம் கொண்டது மூன்று கிண்ணம் கொண்டு, நாலாவதில் பிய்த்துக்கொண்டு அவள் பட்டுச் சட்டையெல்லாம் தண்ணீர். உன் தையலைக் கொண்டு குப்பையிலே போடு, எனக்கு இப்படியா தைச்சாங்க என்று கத்தினாள். அப்பா அலட்டிக்கொள்ளாமல், அப்ப உன் வயித்தைக் காட்டு, பார்த்துத் தைக்கிறேன் என்றார். அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்று இருபது வயது. பைபாஸ் வரை போவதற்குள் குடலை யார் எடுக்கச் சொன்னது, அது விருந்துக்கென்று கடையில் ஒதுக்கி வைத்திருந்த குடல் என்று எனக்கும் கோபம் வந்துவிட்டது. கடைசியில் என்ன நடந்தது தெரியுமா, அந்த இரைப்பையை உருளைக்கிழங்கு போட்டு வறுக்கச் சொல்லி, மூன்று தட்டு சாப்பிட்டார்.

அந்த மூன்று தட்டு நோட்டில் இருக்கும் என்று நினைக்கிறாயா? மறுவாரம் டாக்டர் முன்னால் நோட்டைப் பிரித்தபோதுதான் நானே பார்த்தேன். காலை தேநீர், மதியம் சூப், மாலை கொஞ்சம் மாவும் கறியும். அந்த ஒரு வாரத்தில் இரண்டு கல்யாண விருந்துக்குப் போயிருந்தோம்! கேட்டால், அது நான் எடுத்துச் சாப்பிட்டதில்லையே, பெரியவங்க கையால என் வாயில வச்சது, மரியாதைக்கு வாங்கிக்கிட்டது, அதைப் போய் எழுதுவாங்களா என்கிறார். முகத்தில் துளி வெட்கம் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார். டாக்டர் இந்த ஊர்க்காரிதானே, பேனாவை வைத்துவிட்டு, சரி ஐயா, வாயில வச்சது எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டாள். அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்ததாக, நெஞ்செரிச்சல் உண்டா என்று கேட்டாள். அறவே கிடையாது என்றார்.

ஆஸெம், இரண்டு வருஷமாக உன் அப்பா பாதித் தூக்கத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறார். நெஞ்செரிச்சலுக்குக் கரைத்துக் குடிக்கிற சோடா மாவு டப்பா மாதம் ஒன்று தீர்கிறது. எரிச்சல் இருக்கிறவர்களுக்கு இரைப்பையைக் குழாயாகத் தைத்தால் அது கூடலாம் என்று ரௌஷான் எங்கள் வீட்டிலேயே சொல்லியிருந்தாள், அதையும் கேட்டுவிட்டு இப்படிப் பொய் சொல்கிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. பொய் சொல்றார் டாக்டர் என்று வாயைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், சோடா, நாற்காலி, பதினேழு வரை எண்ணியது, எல்லாம். டாக்டர் உடனே குழாய் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கச் சொன்னாள், பார்த்தால் உணவுக்குழாய் அடி முழுக்கப் புண். உங்களுக்கு பைபாஸ்தான் ஐயா, சர்க்கரைக்கும் அதுதான் நல்லது, ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிடணும், இனிப்பையும் கொழுப்பையும் அள்ளிப் போட்டால் வேர்த்து மயக்கம் வரும் என்றாள். அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் கூட ரௌஷானுக்குப் போன் போட்டு, என்னிடம் கேட்கச் சொன்னார்.

நாலாவது நாள் தேநீர் வைக்கும்போது தானாகவே சொன்னார். ஆஸெமுக்குச் சம்பந்தம் பேச வரும்போது நான் என்ன பண்ணுவேன் என்றார். எனக்குப் புரியவில்லை. சம்பந்திங்க ஆட்டு வால்கொழுப்பும் ஈரலும் என் வாயில வைப்பாங்களே, வீடு நிறைய ஆள் பார்த்துக்கிட்டிருக்கும், அதை நான் முழுங்கினாத்தானே சம்பந்தம் முடிஞ்சதுன்னு அர்த்தம், நான் அங்கேயே வேர்த்து விழுந்தா பொண்ணோட அப்பனுக்கு இஷ்டமில்லைன்னு எழுந்து போயிடுவாங்களே என்றார். குழாயாகத் தைத்தால் ஒரு வாய் கொழுப்பாவது தாங்கும் என்று எவனோ சந்தையில் சொல்லியிருக்கிறான், அதற்காகத்தான் எரிச்சலை மறைத்திருக்கிறார். அந்தப் பெரிய உடம்போடு குனிந்து உட்கார்ந்து இதைச் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, மாப்பிள்ளையே இல்லாத சம்பந்தத்துக்கு இவர் இரைப்பையை ஒதுக்கி வைத்திருக்கிறாரே என்று. பிறகு அழுதுவிட்டேன். நீங்க உயிரோட இருந்தாத்தானே அவங்க வாயில வைக்க முடியும் என்றேன்.

மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். அப்பா கூச்சப்பட்டு நெளிந்ததால் நானே கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது. ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் ஒரு கட்டைவிரல் நகம் அளவு, நல்லா மென்னு சாப்பிட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது என்றாள். அப்பா தன் கட்டைவிரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, இந்த நகமா என்று கேட்டார். அவள் தன் விரலை நீட்டி, இது என்றாள். அப்பா இரண்டு விரலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கித் தானே பைபாஸ் என்கிற கட்டத்தில் குறி போட்டார்.

இப்போது ஆபரேஷனுக்கு முந்தைய சூப் விரதம் நடக்கிறது. சூப்புக்குள்ளே ஆட்டுக்கறித் துண்டு ஒளித்து வைத்திருந்ததை நேற்று கண்டுபிடித்தேன். நீ ஒன்று தெரிந்துகொள், அப்பாவின் ஒரு வாய் கொழுப்புக்காக யாரையாவது அவசரமாகப் பிடித்து வந்துவிடாதே, நிதானமாகப் பார். யாராவது இருந்தால் மட்டும் எனக்கு முதலில் சொல், ரௌஷானுக்கு இல்லை. வெறும் நூடுல்ஸைச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, நம் வீட்டில் கெட்ட வயிறு ஒன்று போதும்.

இன்னொன்று. ஆபரேஷன் இருபத்து மூன்றாம் தேதி, வியாழக்கிழமை காலை. ஆஸ்பத்திரி காகிதத்தில், ஏதாவது என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. உன் அப்பா என் பெயரை எழுதாமல் உன் பெயரையும் உன் நம்பரையும் எழுதினார். முப்பத்து மூன்று வருஷம் குடும்பம் நடத்தினவள் நான், இது என்ன நியாயம் என்று அங்கேயே சண்டைக்குப் போனேன். பேனாவை மூடிக்கொண்டே சொன்னார், நீதான் கதவுகிட்டயே நிப்பியே, உனக்கு எதுக்குப் போன்?

நீ நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும் மகளே, உன் கையும் காலும் திடமாக இருக்கட்டும், போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்கள் வாய்க்கட்டும். வியாழக்கிழமை போனைக் கையிலேயே வைத்திரு, வேலையில் திட்டினாலும் வைத்திரு. ஆஸ்பத்திரியிலிருந்து மணி அடிக்காது. நான்தான் கூப்பிடுவேன், அவர் கண் முழித்து ஏதாவது சாப்பிடக் கேட்ட உடனே.

கதவுகிட்டயே நிற்கப் போகிற உன் அம்மா,
சாபிரா