மார்புக்கு அடியில் ஒரு தழும்பு

2005 ஜனவரி, ஞாயிறு. கல்லடி, மட்டக்களப்பு.

சென்னையில் முப்பது வருடம் இதயம் தைத்தவன், இந்தச் சுனாமி முகாமில் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கிறேன். மாலையில் ஓர் அம்மா வந்தார்.

"டொக்டர், என்னைத் தெரியுதா? என்ட மகள்ட நெஞ்சில ஓட்டை எண்டு உங்களிட்டத்தானே கொண்டுவந்தம்."

தெரிந்தது. அப்போது அவளுக்கு ஆறு வயது. பெண் பிள்ளைகளுக்கு நான் நடுநெஞ்சில் கீறுவதில்லை. நாளைக்குக் கல்யாணத்தில் யார் கண்ணிலும் படாதபடி வலது மார்புக்கு அடியில் கீறுவேன். எங்கள் பக்கம் அதைத் தொடங்கியவன் நான்தான். மாநாடுகளில் அதற்குக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

"மகள் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டுவிட்டேன். இங்கே யாரிடமும் கேட்கக் கூடாத கேள்வி.

"கடல் கொண்டுபோயிட்டு டொக்டர். மூணாம் நாள் பள்ளிக்கூடத்தில வரிசையாக் கிடத்தியிருந்தாங்க. முகம் தெரியல்ல. அவள்ட அப்பா ரெண்டு தரம் பாத்திட்டு, இல்லையெண்டு வந்திட்டார். நான்தான் சட்டையை விலக்கிப் பாத்தன். உங்கட தழும்பு இருந்திச்சு. அதாலதான் மகளை நாங்களே அடக்கம் செஞ்சம்."

கையெடுத்துக் கும்பிட்டார். அவரை உட்காரவைத்து இரத்த அழுத்தம் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.