சுவர்ப் பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்கு முதல். முப்பத்தொரு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிட்டால் ஆபீசில் சிரிக்கிறார்கள் என்று போன தடவை சொன்னாய், சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கு வேறு பெயர் வாயில் வராது. வாரா வாரம் போனில் பேசுகிற மனுஷன் எதற்குத் திடீரென்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். போனில் சொல்ல மூன்று தடவை பார்த்தேன் பாப்பா, மூன்று தடவையும் தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டு, அங்கே மழையா வெயிலா என்று கேட்டுவிட்டு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அங்கே பெய்கிற மழையைப் பற்றி எனக்கு என்ன அக்கறை.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலை. டாக்டர் எந்தக் கால் என்று கேட்டதற்கு நான் பழக்கதோஷத்தில் சுவர்ப் பக்கத்துக் கால் என்று சொல்லித் தொலைத்தேன், பாவம் அவர் எழுந்து சுவரைப் பார்த்தார். படகுக்குச் சாமான் மாட்டுகிற நம் பட்டறையில் இடது வலது என்ற பேச்சே கிடையாது, மொட்டைச் சுவர் இருப்பது சுவர்ப் பக்கம், சாமான் மேஜை இருப்பது மேஜைப் பக்கம், அவ்வளவுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும். பட்டறைக் கூரையில் ஒழுகின இரண்டு ஷீட்டையும் மாற்றியாகிவிட்டது. எதிர்க்கடைத் தையல்காரர் உன்னை விசாரித்தார். போன மாதம் அம்மா பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு மாமாவிடம் போனில், ரெண்டு குண்டும் தயாரா இருக்கு, நாளைக்கு வந்து எடுத்துக்கோ என்று உரக்கச் சொல்ல, பக்கத்து சீட்டுக்காரர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓட்டம் பிடித்தாராம். ஈயக் குண்டு என்று சொல்லியிருந்தால் என்ன, உன் அம்மா எதைத்தான் முழுசாகச் சொல்லியிருக்கிறாள்.

அந்தக் குண்டு விஷயத்துக்குத்தான் வருகிறேன். மாமா பழைய படகை விற்கப்போகிறார், கொஞ்சம் பெரிசாக இன்னொன்று வாங்கிவிட்டார். மீன் பிடிக்க ஆசைப்பட்டு வருகிறவர்களை ஆழக் கடலுக்குக் கூட்டிப்போகிற தொழில் அவருக்கு நன்றாகவே நடக்கிறது. பழைய படகில் இருக்கிற தூண்டில் தாங்கிகள், மீன் காட்டும் பெட்டி, இரண்டு குண்டிறக்கி எல்லாவற்றையும் கழற்றிப் புதுசில் மாட்ட வேண்டும் என்று பட்டறைக்குக் கொண்டுவந்தார். அட்டைப் பெட்டியில் டவுன்ரிகர் என்று அச்சடித்து வருகிற சாமானுக்கு நீதான் குண்டிறக்கி என்று பெயர் வைத்தாய், கனத்த குண்டைக் கம்பியில் கட்டித் தூண்டிலை அடியாழத்துக்கு இறக்குகிற சாமானை வேறு எப்படிச் சொல்வது என்று கேட்டாய். மாமா படகை விட்டுவிட்டுப் போகும்போது திரும்பி வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "பாப்பா மேல எனக்குக் கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. ஆனா இந்தத் தடவை எல்லாத்தையும் நீங்களே போடுங்க மச்சான், வேற யார் கையிலயும் விடாதீங்க." நான் சரி என்று தலையை ஆட்டினேன். ஆட்டின தலையை அப்படியே கழற்றிக் கீழே வைத்துவிடலாம் போல இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் நான் வரிசையாகச் சொல்ல வேண்டும். மாமா படகின் இரண்டு பக்க விளிம்பிலும் குண்டிறக்கி மாட்டினோம். விளிம்பு வெறும் பைபர், உள்ளே பலகை, மேலே போல்ட்டைப் போட்டு அடியில் அலுமினியத் தகடு கொடுத்து முறுக்கினால்தான் இழுப்பு பரவும், தகடு இல்லாவிட்டால் ஒரு நாள் விளிம்போடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். இதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். தகடு இரண்டு வெட்டினேன், பக்கத்துக்கு ஒன்று. நான்கு மாதம் கழித்துக் கடலில் வலது பக்கத்துக் குண்டு பாறையில் சிக்கி, மாமா பிரேக்கை விடக் கையை நீட்டின நேரத்தில் குண்டிறக்கி அடியோடு பிய்ந்து, கம்பி சுற்றி இரண்டு விரலை எடுத்துவிட்டது. படகை இழுத்துவந்து பார்த்தால் அந்தப் பக்கத்தில் தகடே இல்லை, வெறும் வாஷர். மேஜைக்குப் பின்னால் விழுந்து கிடந்த தகட்டை நீதான் கண்டெடுத்தாய். படகைப் பின்பக்கமாகத் தள்ளி உள்ளே ஏற்றுவது நம் வழக்கம், அப்போது வலது பக்கம் சுவரோடு வரும். நீ இடதுகைக்காரி, எப்போதும் சுவர்ப் பக்கம்தான் உன்னுடையது. ஆகவே விட்டது நீ என்று முடிவாகிப்போனது. நீயும் அப்படித்தான் நம்பினாய்.

இனிமேல் எழுதப்போவதுதான் இந்தக் கடிதம். அந்த வாரம் தண்ணீர்க் குழாய் போடத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், நினைவிருக்கிறதா. படகை இழுத்துவந்த வண்டியை ரிவர்ஸ் எடுக்க இடமில்லை. தெருவில் போகிறவர்களைப் பிடித்து ஆறு பேராக மாமா படகைக் கையால் இழுத்து, மூக்கு முன்னால் போகிறபடி உள்ளே கொண்டுபோனோம். அப்படியானால் படகின் வலது பக்கம் எங்கே வந்திருக்கும், நீயே கண்ணை மூடிப் பார். மேஜைப் பக்கம். என் பக்கம். தள்ளினவர்களுக்கு எது சுவர் எது மேஜை, மாமாவுக்குப் பிற்பாடு விரல் போன வலியில் அந்த நினைப்பே இல்லை, நீ கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தாய், வந்தவுடன் வழக்கம்போல் சுவர்ப் பக்கம் போய் வேலையைத் தொடங்கினாய், நாலு மாதம் கழித்துப் படகு அன்று எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று உனக்கும் நினைவில்லை. எனக்கு மட்டும் தெரியும். அந்தத் தகட்டை வைக்க வேண்டுமென்றால் பின்னால் இருக்கிற பொந்துக்குள் படுத்துக் கையை நீட்ட வேண்டும், எனக்கு அன்று தோள்பட்டை உயிர் போகிற வலி. உன்னிடம் சொல்லியிருந்தால் உன் ஒல்லிக் கை ஒரு நிமிஷத்தில் வைத்துவிட்டு வந்திருக்கும். பெண்ணிடம் போய்க் கை எட்டவில்லை என்று சொல்வதா என்ற வீம்பு. வாஷரைப் போட்டு முறுக்கி, காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன், காலையில் மாமா வந்து படகைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். நீ கேட்டாய், அப்பா தகடு வச்சாச்சா என்று. வச்சாச்சு என்று எரிந்து விழுந்தேன்.

குண்டிறக்கி பிய்ந்து வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும் பாப்பா. ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் இல்லை. சொல்லத்தான் இருந்தேன். ஆனால் அதற்குள் எல்லாரும், சின்னப் பொண்ணு, தெரியாம விட்டுட்டா, விடுங்க என்று உன்னை மன்னிக்கத் தொடங்கிவிட்டார்கள். உன்னை மன்னிப்பார்கள், முப்பது வருஷம் படகில் ஓட்டை போட்டவனை மன்னிக்க மாட்டார்கள், பட்டறைக்கு ஒரு படகு வராது என்று கணக்குப் போட்டேன். நாளைக்கு எல்லாம் மறந்துபோகும் என்று நினைத்தேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போய் மாமாவின் கால்மாட்டில் நின்று அழுதாய். நான் கதவுக்கிட்டே பழப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும் வழியில் நீ, "நான் வச்ச மாதிரிதான்பா ஞாபகம் இருக்கு" என்றாய். எல்லாருக்கும் மறதி வரும் என்று நான் சொன்னேன். ஆறுதல் சொல்கிற மாதிரி முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தேன். இந்தக் கை இருக்கிறதே, இதைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நீ ட்ரில்லைத் தொடவில்லை. எட்டு மாதத்தில் பெட்டி கட்டிவிட்டாய். எங்கேயோ கண்காணாத ஊரில் காதில் மாட்டிக்கொண்டு யார் யாருக்கோ போனில் பதில் சொல்கிற வேலை. இப்பல்லாம் என் நகம் எவ்வளவு சுத்தமா இருக்கு தெரியுமாப்பா என்று சிரித்தாய், நானும் சிரித்தேன், பிறகு பட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இன்னும் அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று நாலு தடவை திரும்பிப்போய்ப் பார்ப்பதாக அம்மாவிடம் சொன்னாயாமே. அறைத்தோழி கேலி செய்கிறாளாமே. உனக்கு மறதி கிடையாது பாப்பா. ஒரு நாளும் இருந்ததில்லை. அந்த நோயை உனக்குக் கொடுத்தவன் நான்.

போன செவ்வாய்க்கிழமை மாமா படகைக் கழற்றினேன். விரல் போன பிறகு நான் ஒட்டுப் போட்டுத் திருத்தின வலது பக்கம் அரைமணி நேரத்தில் கையோடு வந்துவிட்டது. இடது பக்கம், அதாவது நிஜமாக நீ போட்ட பக்கம், அசையவில்லை. நாலு போல்ட்டுக்கு மத்தியானம் வரை ஆயிற்று. அடியில் தகடு உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது, கை கிழிக்காமல் இருக்க நாலு மூலையையும் அரத்தால் உருட்டி வைத்திருக்கிறாய். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், இத்தனை வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்தும் உள்ளே பலகை காய்ந்தபடி இருக்கிறது, ஒரு சொட்டு இறங்கவில்லை. நான் போட்ட எதுவும் அப்படி இருந்ததில்லை. அங்கேயே படகுக்குள் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் மாமாவுக்குப் போன் செய்து வரச் சொன்னேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து கேட்டார். திட்டுவார், அடிப்பார் என்று பார்த்தேன். கடைசியில், "அவ வந்து அழுதப்போ நீங்க எங்க இருந்தீங்க மச்சான்?" என்று மட்டும் கேட்டார். அங்கேதான், கதவுக்கிட்டே என்றேன். எழுந்து போய்விட்டார். அம்மாவிடம் சாயங்காலம் சொன்னேன். உன் அம்மா தெரியுமே, ஒரு வாயில் பத்துப் பேச்சுப் பேசுகிறவள், ஆறு நாளாகச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள். நேற்றைக்குத்தான் ஒரு வார்த்தை வந்தது, "எழுதியாச்சா?" என்று. தெருவில் இருக்கிற தொழில்காரர்கள் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது, சொல்லாமல் விட்டவர்கள் யாராவது இருந்தால் தையல்காரர் சொல்லிவிடுவார். நேற்று துறைக்குப் போனேன், நாலு பேர் பேச்சை நிறுத்தினார்கள். அதற்காக நீ வருத்தப்படாதே, அது எனக்கு வர வேண்டியது.

மாமா புதுப் படகுக்குக் குண்டிறக்கி மாட்ட என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிடவும் மாட்டார். நீ வந்து மாட்டினால் மாட்டட்டும், இல்லாவிட்டால் அது பெட்டியிலேயே கிடக்கட்டும் என்று அம்மாவிடம் சொன்னாராம். இதைத் தெரிவிக்கிறேனே தவிர, வா என்று நான் சொல்லவில்லை. உன்னைக் கூப்பிடுகிற வாய் எனக்கு இல்லை.

இந்தக் காகிதம் நாலாவது. முதல் மூன்றையும் கிழித்துப் போட்டேன், இதையும் படித்துப் பார்த்தேன், தோள்வலி என்கிறேன், தெருவைத் தோண்டினார்கள் என்கிறேன், ஆனால், ஆனால் என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன் பார். அன்றைக்கு மாமாவின் கால்மாட்டில் நின்று நீ மன்னிப்புக் கேட்டபோது ஒரு ஆனால்கூட இல்லை. ஞாபகம் இருக்கிறது என்றுகூட அவரிடம் சொல்லவில்லை. என் தப்பு மாமா என்று மூன்றே வார்த்தை. செய்யாத தப்புக்கு நீ அப்படிக் கேட்டாய். செய்தவன் நான், இத்தனை பக்கம் எழுதியும் எனக்கு அது வரவில்லை. இப்போது முயன்று பார்க்கிறேன். தகடு வைக்காதவன் நான். உன்னிடம் வச்சாச்சு என்று பொய் சொன்னவன் நான். நீ தலைகுனிந்து நின்றதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். என் தப்பு பாப்பா.

அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு முழுசாக உண்டு. என்னுடையதும் உண்டு, வேண்டுமென்றால் எடுத்துக்கொள், வேண்டாமென்றால் அப்படியே கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா உனக்குப் போன் செய்வார், அவர் கேட்க வேண்டியது ஏதோ இருக்கிறதாம். என் நம்பரைப் பார்த்தால் எடுக்காதே, எடுக்கத் தோன்றுகிற வரைக்கும் எடுக்காதே. அவர் நம்பரை மட்டும் எடுத்துவிடு.

இப்படிக்கு,
அப்பா