அக்காவின் குரலுக்கு எட்டாத பியானோ

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய அக்கா அவர்களுக்கு,

தோத்திரம். தாங்கள் மறைந்து பதினொரு மாதங்கள் கழித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். வேலை மிகுதி என்று காரணம் சொல்லலாம். உண்மையில் வெட்கமே காரணம்.

ஆரம்பாக்கத்து ஆலயத்தின் பழைய பியானோவை என்னிடம் ஒப்படைத்தபோது நான் அடைந்த பெருமிதத்தைத் தாங்கள் அறிவீர்கள். மதராஸில் பியானோக் கடையொன்றில் தச்சராக இருந்த என் கணவர் கொண்டுவந்த, பியானோ பழுதுபார்க்கும் ஆங்கில நூலை, அகராதியின் துணையோடு நானே கற்றவள் அல்லவா? உப்புக்காற்றில் துருவேறிய கம்பிகளைக் களைந்து புதியன பூட்டினேன். கம்பிகளைத் தட்டும், பூச்சி அரித்த சிறு சுத்தியல்களுக்குப் புதுக் கம்பளி ஒட்டினேன். சுருதி காட்டும் இசைக்கவையைத் தட்டி, நூல் சொன்ன சுருதியில் நிறுத்தினேன்.

அதற்கு முன்போ பழைய கம்பிகள் தளர்ந்து, சுருதி வெகுவாக இறங்கிப்போயிருந்தது. முப்பது ஆண்டுகளாகத் தாங்கள் அந்தச் சுருதியிலேயே பாடிப் பழகியிருந்தீர்கள். பியானோ வாசிப்பவருக்கோ தாளில் உள்ளதைக் கீழ்ச்சுருதிக்கு மாற்றி வாசிக்கத் தெரியாது. நான் பழுதுபார்த்த பின் வந்த முதல் ஞாயிறன்று, பாட்டின் இரண்டாம் அடியிலேயே தங்கள் குரல் உடைந்தது.

"இன்னாடி இது, பாட்டு மேல மேல ஏறிக்கினே போவுது! ஒரு ஏணி இருந்தா குடுடி," என்று சிரித்தீர்கள். "கொஞ்சம் எறக்கி வையேன்."

நான் சிரிக்கவில்லை. சபையார் அனைவரும் கேட்க, "பியானோ சரியாத்தான் கீது. எல்லாம் புதுசு. உன் தொண்டதான்க்கா பழசு," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். தாங்கள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனீர்கள். அதன்பின் ஆலயத்தில் தாங்கள் பாடி யாரும் கேட்கவில்லை.

சுருதியை இறக்கி வைப்பது தவறில்லை என்று அந்த நூலிலேயே இருந்தது, அக்கா. படித்திருந்தேன். இரண்டு நாள் வேலைதான். இறக்கினால், இவள் கற்றது அரைகுறை என்பார்களே என்று அஞ்சினேன்.

சென்ற வாரம் தங்கள் மகள் எஸ்தர் வந்திருந்தாள். அவள் கணவனுக்குக் கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பும் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது; ரயிலில் போய்வருகிறான். தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டேன்: "உங்கம்மா என்மேல கோவமா இருந்துச்சா?"

"இல்ல சின்னம்மா. நாத்து நடசொல்ல பாடிக்கினேதான் இருக்கும். கோயில்ல ஏம்மா பாடலன்னு கேட்டா, 'அவ புக்கு படிச்சவ; அவ சொன்னா கரீட்டாத்தான் இருக்கும். என் தொண்டதான் போச்சு'ன்னும்."

தாங்கள் என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? என் சொல்லை ஏன் நம்பினீர்கள்?

தங்களோடு பாடிய ஐந்தாறு பெண்கள் இன்றும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிறார்கள். வரும் ஞாயிறன்று சபையின் முன் நின்று, நான் அன்று சொன்னது பொய் என்று சொல்வேன். மறுநாளே கம்பிகளைத் தளர்த்துவேன். இது உறுதி.

ஆனால் பழைய சுருதியை நான் குறித்து வைக்கவில்லை. அப்பெண்களைக் கேட்டால், ஆளுக்கொரு விதமாகப் பாடிக் காட்டுகிறார்கள். "உங்க அக்கா எடுத்துக் குடுக்கும், நாங்க புடிச்சிக்குவோம். எங்களுக்கு இன்னா தெரியும்?" என்கிறார்கள்.

எவ்வளவு இறக்கட்டும், அக்கா? விரைந்து பதில் எழுதுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் உடன்பிறந்த தங்கை,
ஞானம்மாள்