மோடத்தை அணைக்காத நாள்

பங்குனி 6, சந்தை நாள்.

இன்று பேளுக்குறிச்சிச் சந்தையில் இருந்துகொண்டே, மலைமேல் இருக்கும் எங்கள் மிளகுக் களத்தைப் போனில் பார்த்துவிட்டேன். களத்தில் கேமரா மாட்டி இரண்டு மாதம் ஆகிறது, வெளியூரிலிருந்து படம் இன்றுதான் தெரிந்தது.

நேற்று கேமராக்காரரிடம் போனில் சண்டைக்கே போய்விட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "வெளியூர்ல இருந்து கேமரா ரெக்கார்டரைப் பாக்கறதுக்கு இன்டர்நெட் மோடத்துல ஒரு நம்பர் இருக்குதுங்க. மோடத்தை அணைச்சுப் போட்டா அது மாறிரும். நீங்க அணைக்கறீங்களா?"

அணைக்காமல்? இடி முழங்கினால் டிவி, மிக்சி, மோடம் என்று எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டுத்தான் இங்கே மறுவேலை. நான் நோட்டில் எழுதி வைத்திருந்தது எல்லாமே செத்துப்போன நம்பர்.

காலையில் புது நம்பரைக் கண்டுபிடித்துப் போனில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சந்தையில் மிளகு மூட்டைமேல் உட்கார்ந்து திறந்தால், என் வீட்டுக்காரர் வெறுங்காலால் மிளகைக் கிளறிக்கொண்டிருக்கிறார். அப்புறம் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்தார். சத்தம் வரவில்லை, என்ன பாட்டோ. கல்யாணமாகி இருபது வருடத்தில் கோயில் மேளத்துக்குக்கூடக் கால் அசைக்காத மனுஷன்.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டார், "ஏம்புள்ள, இன்னைக்காச்சும் கேமரா தெரிஞ்சுதா?"

"இல்லீங்க" என்றேன்.

இப்போது இடி இடிக்கிறது. டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டு மோடத்தின் பக்கம் போனார்.

"அது ஒண்ணு கெடக்கட்டுங்க" என்றேன்.